கலெக்‌ஷன் வேலை: போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, இது வெறும் டென்ஷனா?

கோரையாறு எழுதியது:

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் ஃபீல்டு ஆபீசராக இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துக் கிராமங்கள் என் லைன். காலையில் சென்டர் மீட்டிங், அதாவது கடன் வாங்கிய பெண்கள் கூடுகிற கூட்டம் போட்டுக் குழுப் பெண்களிடம் தவணை வாங்க வேண்டும், வராதவர்களைத் தேடிப் போக வேண்டும், மத்தியானம் பிரான்ச்சில் பணத்தைக் கட்டிக் கணக்கை முடித்துவிட்டு மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு பாக்கிக்கும் புது லோன் விசாரணைக்கும் அலைய வேண்டும். இதற்கு நடுவே மணிக்கொரு தடவை வாட்ஸ்அப் குரூப்பில் எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது என்று போட வேண்டும். யாருடைய லைனில் பாக்கி அதிகமோ அவர் பெயரை அதே குரூப்பில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டுக் கேள்வி கேட்பார்கள். ராத்திரி சாப்பிட உட்காருகிற நேரத்துக்குக் கான்ஃபரன்ஸ் கால் வரும்.

வேலை கஷ்டம் என்பது புதிதல்ல, நான்கைந்து வருஷமாகச் செய்கிறேன். ஆனால் இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து உடம்பு வேறு மாதிரி இருக்கிறது. போன் அடித்தால் யார் என்று பார்ப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கிறது. விடியற்காலை மூன்று மணி வாக்கில் விழிப்பு வந்து, இன்றைக்கு எந்த சென்டர், அங்கே யார் யார் கட்டமாட்டார்கள் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பிக்கிறது, அப்புறம் தூக்கமே கிடையாது. பிடரியில் வலி, வயிற்றில் எரிச்சல். வழக்கமாகத் திரும்புகிற ரோட்டைத் தாண்டிப் போய்விட்டு அப்புறம்தான் நினைவு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை, மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்கூட எரிந்து விழுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் இது ரொம்ப மோசம். குறுவை அறுத்த காசு கரைந்திருக்கும், சம்பா நடவும் களையெடுப்பும் முடிந்திருக்கும், மழை பிடித்துக்கொண்டால் வயலில் இறங்கவே முடியாது. தை அறுப்பு வரைக்கும் அந்தப் பெண்கள் கையில் காசு புரளாது. தவணைத் தேதி மட்டும் மாறாது. ஒரு பக்கம் மேனேஜர், இன்னொரு பக்கம் உலை வைக்காத வீடு, நடுவில் நான்.

இது வெறும் டென்ஷன்தானா, டாக்டரைப் பார்க்க வேண்டியதா? வேலையை விடாமல் சமாளிக்க வழி இருக்கிறதா? மனதைத் திடப்படுத்திக்கொள் என்று வீட்டில் சொல்கிறார்கள், எப்படி என்பதுதான் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி, தஞ்சை:

தம்பி, அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அந்த நெஞ்சுப் படபடப்பைத் தனியாக எடுத்துக்கொள்வோம். அதை டென்ஷன் என்று நீங்களாகவே முடிவு கட்டக்கூடாது, சும்மா பயம் என்று வீட்டிலும் முடிவு கட்டக்கூடாது. ஒரு ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு இவ்வளவும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், ரத்தசோகையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எப்போதாவது நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டி, மூச்சு முட்டினால் யோசிக்கவே வேண்டாம், உடனே 108.

அதெல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால், வேலையின் அழுத்தம்தான் உடம்பில் தெரிகிறது என்று கொள்ளலாம். ஆபத்து என்று மூளைக்குப் பட்டால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், இதயம் வேகமாகும், கழுத்துத் தசை இறுகும், வயிற்றில் செரிமானம் மந்தப்படும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும், உடம்பின் அமைப்பே அப்படித்தான். உங்களுக்கு மணிக்கொரு தடவை குரூப்பில் கேள்வி வருகிறது, ராத்திரியிலும் கால் வருகிறது, அடங்குவதற்கு இடைவெளியே கிடைக்கவில்லை. இதில் மனத்திடத்துக்கு வேலையே இல்லை. எவ்வளவு திடமான ஆளாக இருந்தாலும் உடம்பு இப்படித்தான் செய்யும், இதை உங்கள் வீட்டிலும் படித்துக் காட்டுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் வேலையால் வருகிற இந்தச் சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த ஒரு நிலை என்று. சக்தி வற்றிப்போவது, வேலையிடமிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும்தான் அதன் அடையாளம். நீங்கள் எழுதியதில் முதலாவது நன்றாகவே தெரிகிறது. இரண்டாவது இன்னும் வரவில்லை, உலை வைக்காத வீட்டைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கிறது. அது வற்றிப்போவதற்குள் நீங்கள் இங்கே கேட்டது நல்லது.

ஆனால் ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். லீவு நாளில், ஊர்த் திருவிழாவில், மகளோடு இருக்கும்போது மனசு கொஞ்சமாவது லேசாகிறதா? லேசானால் இது பெரும்பாலும் வேலை அழுத்தம். எதிலும் சந்தோஷமே இல்லை, பசி இல்லை, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடக்கிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் தொடர்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மனநல மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று அரசு 2022-ல் ஆரம்பித்த மனநல உதவி எண் அது, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் தூக்கம் வரவில்லை என்பதற்காகவே கூப்பிடலாம், தப்பில்லை.

அப்புறம் டீ. ஒவ்வொரு சென்டரிலும் ஒரு டீ கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும், அதனால் மத்தியானத்துக்கு மேல் மோரோ வெந்நீரோ கேளுங்கள். தூக்கத்துக்காகக் குடிக்கிற பழக்கம் தொற்றிக்கொள்ள வேண்டாம், சாராயம் முதலில் தூங்கவைத்துவிட்டுப் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், உங்கள் மூன்று மணி விழிப்பு இன்னும் கூடும். மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் மாதிரிப் பதற்றத்தை அடக்குகிற மாத்திரை வாங்கவே வாங்காதீர்கள். அது பழகிப்போகும், விடுவது கஷ்டம்.

போன் அடித்துப் படபடத்தால் எடுப்பதற்கு முன் வண்டியை ஓரம் கட்டுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள், அப்படி நாலைந்து தடவை. நீளமாக விடும்போது இதயத் துடிப்பு இறங்கும். ஓட்டிக்கொண்டே போன் பேசுவது இந்த நிலையில் உயிருக்கு ஆபத்து. திரும்ப வேண்டிய ரோட்டைத் தாண்டிப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கவலையாக இருக்கிறது.

குடமுருட்டி எழுதியது:

கோரையாறு, நான் இதே துறையில் பிரான்ச் பார்த்தவன், இப்போது கும்பகோணத்தில் வேறு வேலை. அம்மா சொன்ன உடம்பு விஷயத்தை முதலில் செய்யுங்கள். நான் வேலைப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் மூச்சுப் பயிற்சியை மட்டும் செய்துவிட்டு வேலையை அப்படியே விட்டால் அடுத்த மழைக்கும் இதே நிலைமைதான்.

வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஆளைச் சாய்ப்பதில்லை. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே இதை எழுதியிருக்கிறார்: வேலையின் நெருக்கடி அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கிற உரிமை குறைவாகவும் இருக்கிற இடத்தில்தான் மன அழுத்தம் மிக அதிகம். உங்கள் வேலை அப்படியே அதுதான். தவணைத் தேதியை நீங்கள் வைக்கவில்லை, லோன் தொகையை முடிவு செய்தது நீங்கள் இல்லை, மழையும் உங்கள் கையில் இல்லை, பாக்கி மட்டும் உங்கள் பெயரில் நிற்கிறது. தலைமை அலுவலகத்தில் ஒரு எண்ணாகப் புறப்படுகிற அழுத்தம் ஏரியா மேனேஜர், பிரான்ச் மேனேஜர் என்று ஒவ்வொரு ஆளாக இறங்கி வருகிறது. ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வரும்போது குறைந்துவிடும், இது கடைமடைக்கு வரும்போதுதான் கூடுகிறது. உங்களைக் குரூப்பில் கேள்வி கேட்கிற மேனேஜரும் அதற்குச் சற்று முன்புதான் இன்னொரு குரூப்பில் கேள்வி வாங்கியிருப்பார். அவர் செய்வது சரி என்று சொல்லவில்லை. அவர் போடுகிற சத்தத்தை உங்கள் தகுதிக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? ரிசர்வ் வங்கி 2022-ல் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்குத் தனி விதி கொண்டுவந்தது. கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் போனில் கூப்பிடக்கூடாது, ஓயாமல் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது, மிரட்டவோ கெட்ட வார்த்தை பேசவோ கூடாது, பெயரை வெளியில் போடக்கூடாது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்கிறவர்களையும் நெருக்கக்கூடாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் வசூல், தொடர்ந்து இரண்டு தடவையாவது அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்குப் போகலாம். இது கடன் வாங்கியவரைக் காப்பாற்ற எழுதிய விதி, ஆனால் ஃபீல்டில் இருக்கிறவனுக்கும் இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு இப்பவே கூப்பிட்டுக் கேள் என்று சொன்னால், சார், ஆறுக்கு மேல் கூப்பிட்டால் புகார் வரும், கம்பெனிக்குத்தான் சிக்கல், காலை ஒன்பதுக்கு முதல் வேலையாகப் பேசுகிறேன் என்று சொல்லலாம். சண்டை போடாமல் கம்பெனியின் நன்மைக்காகச் சொல்கிற மாதிரி சொல்லுங்கள், உண்மையிலும் அது கம்பெனிக்கு நன்மைதான். வெறுமனே முடியாது என்று சொன்னால் அது உங்கள் மீது வரும்.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது, ஃபீல்டில் நிறையப் பேருக்குத் தெரியாது. கட்டுவதில் உண்மையாகவே சிரமப்படுகிறவர்களைக் கண்டுபிடிக்கவும், அவர்களோடு பேசி என்ன வழி இருக்கிறது என்று சொல்லவும் கம்பெனியே ஒரு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். ஆகவே பாக்கி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு படுக்கப் போகாதீர்கள். ஒரு நோட்டில் பிரித்து எழுதுங்கள். நாள் தவறினாலும் கட்டிவிடுகிறவர்கள் ஒரு பக்கம், தை அறுப்புக்குப் பிறகுதான் கட்ட முடிகிறவர்கள் ஒரு பக்கம், வீட்டில் நோய், சாவு, நாலு கம்பெனியில் கடன் என்று உண்மையாகவே உடைந்துபோனவர்கள் ஒரு பக்கம். முதல் பக்கம்தான் உங்கள் வேலை. மற்ற இரண்டையும் காரணத்தோடு மேனேஜருக்கு மெயிலிலோ மெசேஜிலோ எழுத்தில் அனுப்பி, இதில் என்ன செய்ய என்று கேளுங்கள். முடிவு எடுக்கிற அதிகாரம் அவருக்குத்தான் இருக்கிறது, அந்தப் பாரமும் அங்கேதான் இருக்க வேண்டும். இப்படிப் பிரித்து எழுதிய பிறகு மூன்று மணிக்கு விழிப்பு வந்தாலும், எழுதி அனுப்பியாகிவிட்டது என்று மனசுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

ராத்திரி வருகிற கான்ஃபரன்ஸ் கால் பற்றித் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். பிரான்ச்சில் இருக்கிற எல்லா ஃபீல்டு ஆட்களும் சேர்ந்து, ஏழு மணிக்குள் முடியுங்கள் சார் என்று ஒன்றாகக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அவர் பிரச்சினைக்காரர் என்று பெயர் வாங்குவார்.

முத்துப்பேட்டை சென்டர் லீடர்:

தம்பி, நான் அடுத்த பக்கத்து ஆள், குழுவில் கடன் வாங்கிக் கட்டுகிறவள், சென்டர் லீடரும்கூட. உங்கள் பதிவை எங்கள் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். வண்டியை நிறுத்துகிற சத்தத்தைக் கேட்டே இன்றைக்குத் தம்பி எப்படி இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவோம் என்று ஒரு அக்கா சொன்னார். நீங்கள் வருகிற நேரம் நெருங்கினால் எங்களுக்கும் நெஞ்சு படபடக்கும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னை முழுக்கச் சாய்ந்தது, கூரை போனது, மாதக்கணக்கில் வேலை இல்லை. அந்த நேரத்திலும் தவணை கேட்டு வந்தார்கள். அப்போது வந்தவர்களில் கத்தியவரும் உண்டு, திண்ணையில் உட்கார்ந்து யாருக்கு எப்போது கூலி வரும், எந்தத் தேதியில் முடியும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனவரும் உண்டு. காசு வர ஆரம்பித்ததும் நாங்கள் முதலில் கொடுத்தது எழுதிக்கொண்டு போனவருக்குத்தான். கத்துவதால் காசு வராது, இருக்கிற காசு யாருக்குப் போகும் என்பது மட்டும் நாங்கள் எடுக்கிற முடிவு.

ஒரு யோசனை. மாதத்தில் ஒரு நாள் சென்டர் லீடரோடு பேசி, அடுத்த மாதம் யாருக்குக் கஷ்டம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டுக்காரர் திருப்பூர் போயிருக்கிறார், யாருக்கு நூறு நாள் வேலைக் காசு ஏறவில்லை, எல்லாம் எங்களுக்குத் தெரியும். காலையில் வந்து நின்ற பிறகு தெரிவதைவிட இரண்டு வாரம் முன்னால் தெரிந்தால் உங்களுக்கும் மேனேஜரிடம் சொல்ல நேரம் இருக்கும். இன்னொன்று, எங்கள் கஷ்டத்தைக் கேட்டு நீங்கள் வருத்தப்படுவது தெரியும், ஆனால் உங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டாதீர்கள். சில பிள்ளைகள் அப்படிச் செய்து அவர்களே கடனாளி ஆகிவிட்டார்கள்.

அரசலாறு எழுதியது:

நேராகச் சொல்கிறேன் நண்பரே, விட்டுவிடுங்கள். இந்த வேலையில் விதி, மெயில், நோட்டு எதுவும் நடக்காது. உடம்பு போனால் கம்பெனி வராது. நான் விட்டுவிட்டு இப்போது அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் குறைவு, தூக்கம் வருகிறது.

குடமுருட்டி எழுதியது:

அரசலாறு சொல்வதில் உண்மை இருக்கிறது, சில பிரான்ச்சில் எதைச் சொன்னாலும் நடக்காது. ஆனால் தூங்காத ஆள் எடுக்கிற முடிவை நான் நம்பமாட்டேன். முதலில் டாக்டர், பிறகு ஒரு வாரமாவது லீவு, தூக்கம் திரும்பிய பிறகு முடிவு. அதற்குள் வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள், அடுத்த வேலை கையில் வந்தபின் விடலாம். தை, மாசி வசூல் நன்றாக இருக்கும்போது கணக்கைச் சுத்தமாக ஒப்படைத்துவிட்டு வந்தால் பின்னால் யாரும் பணம் பாக்கி என்று சொல்ல முடியாது. ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கோரையாறு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மனைவியிடம் செவிலி அம்மா எழுதியதைக் காட்டினேன், நாளைக்கே போய் ஈ.சி.ஜி. எடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். நோட்டில் பிரித்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். பாதிக்கு மேல் தை அறுப்புப் பக்கத்தில்தான் விழுகிறது, அதைப் பார்த்ததே கொஞ்சம் ஆறுதல், ஏமாற்றுகிறவர்கள் ரொம்பக் குறைவு. முத்துப்பேட்டை அக்கா, கைக்காசு விஷயத்தைக் குறித்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். மனநல டாக்டரைப் பார்த்தால் அது எங்காவது பதிவாகி, பின்னால் வங்கி வேலை கிடைக்காமல் போகுமா? லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள், அதற்கு வழி உண்டா?

ஓய்வுபெற்ற செவிலி, தஞ்சை:

பயப்பட வேண்டாம் தம்பி. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை, நீங்கள் சம்மதிக்காமல் கம்பெனியிடம் சொல்ல முடியாது. மருத்துவக் காப்பீட்டிலும் உடல் நோய்க்கு இருக்கிற மாதிரியே மனநோய்க்கும் இடம் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், அவ்வளவு தூரம் முடியாவிட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் மனநல மருத்துவர் வருகிறார் என்று அங்கேயே கேளுங்கள். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள். மருந்து எழுதினால் முதல் வாரத்திலேயே பலன் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள், மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்.

அரசலாறு எழுதியது:

லீவு விஷயம் எனக்குத் தெரியும், ஆலையில் இதைத்தான் பார்க்கிறேன். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இருப்பவர்களுக்கு அது உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. டாக்டர் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாக வரும், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். அதற்கான ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், தொடர்ந்து வேலையில் இருப்பதால் உங்களுக்கு அது இருக்கும். தனியார் டாக்டர் சீட்டோடு மட்டும் போய் நிற்காதீர்கள், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி அங்கே சான்று வாங்குங்கள். கம்பெனிக்கு மெயிலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் வேண்டாம். பிடித்தம் இல்லை என்றால் இங்கே எழுதுங்கள், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் லீவு பற்றி என்ன போட்டிருக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.